எந்த ஆண்டைக் காப்பாற்றுவது?

சாந்தோம் பேராலயத்தைப் பழமையின் அடையாளமாகக் காட்டுவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்றைய கட்டடம் 1896-இல் முடிந்தது. அதற்காக அங்கே நின்ற போர்த்துகீசியர் காலத் தேவாலயத்தை இடித்தார்கள். போர்த்துகீசியர் இங்கே முதலில் தேவாலயம் எழுப்பியது 1523-இல். புனித ஜார்ஜ் கோட்டை வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதற்கும் முன்னால் இந்தக் கடலோரத்தில்தான் கபாலீசுவரர் கோயில் இருந்தது என்பது மயிலாப்பூரின் நெடுநாள் நம்பிக்கை.

அன்றைக்கே ஒரு பாதுகாப்புச் சட்டம் இருந்திருந்தால், இன்று நாம் ரசிக்கும் பேராலயம் எழும்பியிருக்காது. அதனால் “எல்லாமே இடிச்சுக் கட்டினதுதானே, இப்ப இடிச்சா மட்டும் என்ன?” என்று கேட்பவரைச் சும்மா வாயடைத்துவிட முடியாது.

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நினைவுச்சின்னம் என்றால் நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. தொண்ணூற்றொன்பது வயதுவரை இல்லாத மதிப்பு மறுநாள் காலையில் வந்துவிடுமா என்ன? எண் நிர்வாகத்துக்குத் தேவை. அறத்துக்கு வேறு காரணம் வேண்டும்.

எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. இன்று வைத்திருப்பதை நாளைக்கும் இடிக்கலாம். இன்று இடித்ததை நாளை வைத்திருக்க முடியாது. இடிப்பவர் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். ஆகவே காரணம் சொல்ல வேண்டியவர் அவர்தான். 2003-இல் தலைமைச் செயலகம் கட்டுவதற்காக ராணி மேரி கல்லூரியை இடிக்க அரசு முனைந்தபோது, மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி தொடங்கியது 1914-இல், நூறு ஆகவில்லை. ஆனாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மயிலாப்பூரில் ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, நீங்க தெருவுல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க. மழை பெஞ்சா ஒழுகுறது எங்க தலையில.” அழகு ஊருக்கு, செலவு அவருக்கு என்றால் அது பாதுகாப்பு இல்லை, சுரண்டல். ஊர் ரசிக்கிறது என்றால் ஓடு மாற்றும் காசிலும் ஊருக்குப் பங்கு இருக்க வேண்டும்.

பேராலயத்தின் பின்புறம், கடலை ஒட்டிய லூப் ரோட்டில், 2023 ஏப்ரலில் போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி மீன் கடைகளை அகற்றினார்கள். மீனவர்கள் சாலையை மறித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கி, பிடித்ததைக் கரையிலேயே விற்ற வாழ்க்கை அது. அதற்குக் கோபுரம் கிடையாது, கல்வெட்டு கிடையாது. அதனாலேயே அதைப் பாரம்பரியம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை.

எந்த ஆண்டைக் காப்பாற்றுவது என்று நாம் சண்டை போடலாம். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: இதை இழந்தால் திரும்பக் கிடைக்குமா? காப்பாற்றும் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம்? இந்த இரண்டையும் கேட்காத பாதுகாப்பும் இடிப்புக்குச் சமம்தான்.