கேட்பது அவர் குரல்தானா?

வீட்டு இணையத்தில் ஏறக்குறையச் செலவில்லாமல் பேசும் அழைப்பில் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாகப் போகிறது. வழியில் தொலைந்ததை மறுமுனைச் செயலி ஊகித்து நிரப்புகிறது. பேச்சு நின்றபோது கேட்கும் மெல்லிய இரைச்சலைக்கூடச் சில கருவிகள் தாமே உண்டாக்குகின்றன. அப்படியானால் கேட்பது பேசுபவரின் குரலா, நகலா? நகல் என்போர் நேர்ப்பேச்சை அளவுகோலாக வைக்கிறார்கள். ஆனால் இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றான நியாய தரிசனத்தின்படி, வாயில் பிறந்த ஒலி செவிக்கு வருவதே இல்லை. அலை அலையை எழுப்புவதுபோல் ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்க, கடைசியில் பிறந்ததையே கேட்கிறோம். ஆக, ஒரே ஒலி பயணம் செய்வதல்ல, காரணத் தொடர் அறாதிருப்பதே குரலை ஒருவருடையதாக்குகிறது. இணைய அழைப்பிலும் அத்தொடர் உண்டு. ஊகித்து நிரப்பிய துண்டு? அதற்கும் அவருடைய முந்தைய ஒலிதானே காரணம் என்று வாதாடலாம். எனக்கு அது சப்பைக்கட்டாகப் படுகிறது. அந்தக் கணத்தில் அவர் பேச்சை நிறுத்தியிருக்கலாமே. அந்தத் துண்டை மட்டும் அவர் கணக்கில் எழுதக் கூடாது.