சத்தியத்துக்கு மார்க் போடலாமா?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பிரதிநிதிகள் சபையில் 400 பேர் இருக்கிறார்கள். மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான். மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வேறெந்த மாநிலச் சபையும் இவ்வளவு பெரிதில்லை. சம்பளம், இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்கு மொத்தமாக 200 டாலர். 1889-இல் வைத்த தொகை, இன்றுவரை ஏறவில்லை. அதனால் கான்கார்டு நகரத்துச் சட்டமன்றத்துக்குப் போகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சிறுகடைக்காரர்களும் நிறையப் பேர். நான் இருப்பது நாஷுவாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். கடையில் எனக்கு முன்னால் பால் வாங்கிக்கொண்டு நிற்பவர் போன வாரம் ஒரு மசோதாவைத் தோற்கடித்தவராக இருக்கக்கூடும்.

இந்த மனிதர்களுக்கு மார்க் போடுகிறார்கள். 2003-இல் தொடங்கிய நியூ ஹாம்ப்ஷயர் லிபர்ட்டி அலையன்ஸ் என்ற கட்சி சாராத அமைப்பு இதை ஒரு ஒழுங்கோடு செய்துவருகிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து மசோதாக்களைப் படிக்கிறார்கள். அரசின் கை நீளுகிறதா, குறுகுகிறதா, அரசியல் சட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். வாக்கெடுப்பு நாள் காலையில் எதை ஆதரிக்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்று பொன்னிறத் தாளில் அச்சடித்து உறுப்பினர்கள் கையில் கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் ஏ பிளஸ்ஸிலிருந்து எஃப் வரை ஒரு கிரேடு. எஃப்-க்கும் கீழே ஒரு படி வைத்திருந்தார்கள். அந்தப் படியில் இருப்பவர் 'அரசியல் சட்டத்துக்கு அச்சுறுத்தல்'.

அரசுக்கு எல்லை வேண்டும் என்று நானும் மனதார நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு வரிக்கணக்கிலிருந்து வரவில்லை, சமயத்திலிருந்து வந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். உள்ளத்துக்குள் இருப்பவனுக்கும் எனக்கும் நடுவில் எந்த அதிகாரியும் நிற்கக் கூடாது என்பதுதான் எனக்கு அரசியலின் முதல் பாடம். நான் வாழும் இந்த மாநிலத்தின் பழைய கதை ஒன்று அதை இன்னும் ஆழமாகப் பதியவைத்தது. 1662-இன் குளிர்காலத்தில் டோவர் என்ற ஊரில் மூன்று குவேக்கர் பெண்களை, அவர்களுடைய சமய நம்பிக்கைக்காக, இடுப்புவரை ஆடை களைந்து, மாட்டுவண்டியின் பின்புறத்தில் கட்டி, ஊர் ஊராகச் சவுக்கால் அடித்துக்கொண்டு போகும்படி நீதிபதி உத்தரவிட்டார். உத்தரவில் இருந்தவை பதினோரு ஊர்கள். மூன்றாவது ஊரில் யாரோ சிலருக்கு மனம் பொறுக்காமல் அவர்களை விடுவித்தார்கள். உத்தரவு முறைப்படியானது, கையெழுத்து போட்டது, முத்திரை வைத்தது. எல்லையில்லாத அரசு என்றால் எனக்குக் கண்ணில் வருவது அந்த வண்டிதான்.

அந்த மண்ணில் 1784-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் நான்காவது பிரிவு, மனச்சாட்சியின் உரிமையை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாதது என்கிறது. அதற்கு ஈடாகக் கொடுக்கவோ பெறவோ எதுவும் இல்லையாம். இப்படி எழுதிய அதே கை, சட்டமன்ற உறுப்பினர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. அதை நீக்க 1877 ஆகிவிட்டது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், உறுப்பினரின் வாக்குக்கு முன்னால் அவருடைய உள்ளத்துக்குத் தேர்வு வைத்திருந்தார்கள். அந்தத் தேர்வு போய்விட்டது. இப்போது வாக்குக்குத் தேர்வு வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகாது. ஆனால் இரண்டாவது தேர்வு எந்த இடத்தில் முதலாவதாக மாறிவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

உறுப்பினர் பதவியேற்கும்போது அமெரிக்காவுக்கும் மாநிலத்துக்கும் விசுவாசமாக இருப்பேன், அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று கடவுளைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறார். சத்தியம் செய்வதே பாவம் என்று கருதும் குவேக்கர்களைப் போன்றவர்களுக்கு மாற்று வழி உண்டு. கடவுள் பெயரைச் சொல்லாமல், பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று உறுதிமொழி கொடுக்கலாம். டோவர் வண்டிக்கு இந்த மண் சொன்ன பதில்களில் அதுவும் ஒன்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நானும் குடியுரிமை பெற்ற நாளில் கையை உயர்த்தி இதே போன்ற சத்தியம் செய்தவள். அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: நான் இதைக் காப்பாற்றுகிறேனா என்பது எனக்குத் தெரியும், இறைவனுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

நான் பல வருடம் கணக்குத் தணிக்கை செய்தவள். தணிக்கை அறிக்கையில் முதலாளி யோக்கியர் என்று நாங்கள் எழுதுவதில்லை. இன்ன கணக்கியல் விதிகளின்படி பார்த்தால் இந்தக் கணக்கு நிலைமையைச் சரியாகக் காட்டுகிறது, அல்லது காட்டவில்லை, அப்படிச் சொல்வதற்கு அடிப்படை இது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுகிறோம். எந்த அளவுகோல், எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கும். சட்டமன்ற மார்க்கையும் இந்தக் கண்ணோடு பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் எதைப் பார்க்கிறார்கள்? இந்தச் சபையில் வாக்கெடுப்பு மூன்று விதம். குரல் வாக்கெடுப்பில் சத்தத்தை வைத்து முடிவு. எண்ணும் வாக்கெடுப்பில் எத்தனை பேர் என்பது மட்டும் பதிவாகும், யார் யார் என்பது பதிவாகாது. பெயர் பதியும் வாக்கெடுப்பு நடந்தால்தான் மார்க் போடவே முடியும். அதற்குமேல், இங்கே ஒரு மசோதாவைத் தோற்கடிக்கும் தீர்மானத்துக்கு, 'சட்டமாக்குவது உசிதமல்ல' என்று பெயர். அதற்கு 'ஆம்' என்று வாக்களித்தால் மசோதாவுக்கு 'இல்லை' என்று பொருள். தீர்மானத்தைப் படிக்காமல் ஆம், இல்லை மட்டும் பார்ப்பவர் தலைகீழாக மார்க் போட்டுவிடுவார். நூற்றுக்கணக்கான மசோதாக்களில் எந்த வாக்கெடுப்புகளை எண்ணிக்கையில் சேர்ப்பது என்ற தேர்விலேயே பாதி மார்க் தீர்மானமாகிவிடுகிறது.

இது வேலை நுணுக்கம், கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். கவனத்தால் சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது. 2019-இல் மரண தண்டனை ஒழிப்பு மசோதா வந்தது. ஆளுநர் கிறிஸ் சுனூனு தன் தடுப்பதிகாரத்தால் அதை நிறுத்தினார். அந்தத் தடையைக் கடக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 247-க்கு 123. செனட்டில் 16-க்கு 8. இரண்டு அவைகளிலும் தேவையான எண்ணிக்கை துல்லியமாக அவ்வளவுதான். ஏதோ ஒரு அவையில் ஒரே ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தால் மரண தண்டனைச் சட்டம் நிலைத்திருக்கும். இரு கட்சிக்காரர்களும் இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள்.

எல்லைக்குட்பட்ட அரசு என்ற கோலால் இந்த வாக்கை அளந்து பாருங்கள். குடிமகனின் உயிரை எடுப்பதைவிடப் பெரிய அதிகாரம் அரசுக்கு ஏது? அதைப் பறித்தவருக்கு முழு மார்க் போட வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். இன்னொருவர் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தை எடுத்துக் காட்டுவார். மரண தண்டனைக் குற்றத்தை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, முறையான சட்ட நடைமுறை இல்லாமல்தான் உயிரைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஆகவே இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பார். மூன்றாமவர் நியூ ஹாம்ப்ஷயர் அரசியல் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவைப் புரட்டுவார். தண்டனையின் நோக்கம் மனிதரைத் திருத்துவது, அழித்தொழிப்பது அல்ல என்று 1784-இலிருந்தே அதில் இருக்கிறது. மூவரும் அரசியல் சட்டத்தைப் படித்தவர்கள், நேர்மையானவர்கள். ஒரே வாக்குக்கு மூன்று மார்க்.

அந்த மசோதாவை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர் ரென்னி குஷிங். அப்போது ஹாம்ப்டன் ஊரின் பிரதிநிதி. 1988-இல் அவருடைய தந்தை சொந்த வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனைக்கு எதிரானவராக அதற்கு முன்பே இருந்த குஷிங், அதற்குப் பிறகும் மாறவில்லை. மாறியிருந்தால், கொன்றவர்கள் தந்தையோடு சேர்த்துத் தன் அறத்தையும் பறித்ததாகிவிடும் என்பது அவர் வாதம். இப்படி ஒரு வாக்கு பிறக்கும் இடம் எந்த மார்க் பட்டியலுக்கும் எட்டாது. எதிர்த்து வாக்களித்த 123 பேரிலும், கொலையுண்டவரின் குடும்பத்துக்கு நீதி செய்வதாக உள்ளத்தில் உறுதிகொண்டு வாக்களித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் அதே சத்தியத்தைச் செய்தவர்கள்தான்.

அதனால் மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் நம் ஊர்ச் சட்டமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே புரியும். 1985-இல் இந்திய அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை வந்த பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம், அதற்குக் காரணமும் இருந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் விளைவு என்ன? மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகிறது. என் தொகுதி உறுப்பினர் தனியாக என்ன நினைத்தார் என்று கேட்க எனக்கு வழியே இல்லை. அங்கே தனி உறுப்பினருக்கு மார்க் போடுவதில் பொருளே கிடையாது, கட்சிக்கு ஒரு மார்க் போட்டால் தீர்ந்தது. கான்கார்டில் வாக்கு அந்த மனிதருடையது. அதனால்தான் அவரிடம் கணக்குக் கேட்க முடிகிறது. கணக்குக் கேட்பது நமக்குள்ள உரிமை என்று நியூ ஹாம்ப்ஷயர் அரசியல் சட்டத்தின் எட்டாம் பிரிவு சொல்கிறது: அதிகாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மக்களின் பதிலாட்கள், எப்போதும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முப்பத்திரண்டாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மக்கள் கூடிப் பேசித் தங்கள் பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தல் கொடுக்கலாம் என்கிறது. பொன்னிறத் தாள் நீட்டுகிறவர்களுக்கு இதுவே ஆதாரம், அதை நான் மதிக்கிறேன். இது எழுதப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1774-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம், அவர்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த எட்மண்ட் பர்க் இதற்கு நேரெதிராகப் பேசினார். பிரதிநிதி உங்களுக்காகத் தன் உழைப்பைக் கொடுப்பார், தன் தீர்ப்பை உங்கள் கருத்துக்காகப் பலிகொடுத்தால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம் என்றார். 1780-இல் பிரிஸ்டல் அவரைக் கைவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரின் அரசியல் சட்டமோ இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்திருக்கிறது, நான்காம் பிரிவில் மனச்சாட்சி, முப்பத்திரண்டில் மக்களின் அறிவுறுத்தல். எழுதியவர்கள் முரண்பாடு தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை ஒன்று விழுங்கிவிடக் கூடாது என்றே இரண்டையும் விட்டுவைத்தார்கள்.

நான் மறுப்பது அந்தக் கடைசிப் படியை. 'இந்த வாக்கு எங்கள் கொள்கைக்கு எதிரானது' என்று சொல்லுங்கள், வாசலில் ஒட்டுங்கள், அடுத்த தேர்தலில் தோற்கடியுங்கள். 'இந்த மனிதர் அரசியல் சட்டத்துக்கு அச்சுறுத்தல்' என்று சொல்லும்போது வாக்கை விட்டுவிட்டு அவருடைய சத்தியத்தின் மேல் தீர்ப்பு எழுதுகிறீர்கள். எந்த அரசுக்கும் கொடுக்கக் கூடாத அதிகாரம் அது. அரசின் அதிகாரத்துக்கு எல்லை கேட்கிறவர்கள் தங்கள் பேனாவுக்கும் அந்த எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் எதிரணியில் நின்று சொல்லவில்லை, அவர்கள் கேட்கும் சுதந்திரத்தில் பெரும்பாலானதை நானும் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் குப்பையை அவரவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் ஊரே அங்கேதான் இருக்கும், தேர்தல் காலத்தில் வேட்பாளர்களும் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் பிரதிநிதியை ஒருநாள் அங்கே பிடித்துக்கொண்டேன். நிலத்தில் என்ன கட்டலாம் என்று ஊர்கள் விதிக்கும் சில கட்டுப்பாடுகளை மாநிலமே நீக்கும் மசோதா ஒன்றை அவர் எதிர்த்திருந்தார். என் நிலம், என் உரிமை, இதை எப்படி எதிர்த்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டபடியே அவர் சொன்னார்: "அம்மா, அந்தக் கட்டுப்பாட்டை ஊர்க்கூட்டத்தில் கை தூக்கிப் போட்டவர்கள் நாம். அது தப்பென்றால் நாமே அடுத்த மார்ச்சில் எடுக்கலாம். கான்கார்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து எடுத்தால், நாளைக்கு அதே கை வேறு எதையாவது வைக்கும். அரசு சின்னதாக இருக்க வேண்டும் என்றால் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை விட்டுவைக்க வேண்டும் என்று நான் படித்துக்கொண்டேன்."

எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. ஊர்க்கூட்டமும் அரசுதான், பக்கத்தில் இருப்பதால் அதன் கை மென்மையாகிவிடாது. 1662-இல் டோவரில் தீர்ப்பெழுதியதும் உள்ளூர் நீதிபதிதான். அவரிடமே அதைச் சொன்னேன். என் கோலில் அவருடைய வாக்குக்கு மார்க் குறைவு. அவருடைய சத்தியத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. குப்பைத் தொட்டிப் பக்கம் சொன்ன இந்தக் காரணம் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அதற்கும் இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டாம் பகுதியின் இருபத்து நான்காம் பிரிவு, நிறைவேறிய ஒரு முடிவை எதிர்க்கும் உறுப்பினர் தன் மறுப்பைக் காரணத்தோடு அவைக் குறிப்பேட்டில் பதியவைக்கலாம் என்கிறது. வாக்கோடு காரணமும் அச்சேற வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். மார்க் போடும் தன்னார்வலர்களிடம் நான் கேட்பது அதே அளவுதான். ஒவ்வொரு மார்க்குக்குப் பக்கத்திலும் எந்தப் பிரிவை வைத்துப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், போட்டவர் பெயரை எழுதுங்கள், உறுப்பினர் காரணம் கொடுத்திருந்தால் அதையும் இரண்டு வரி அச்சடியுங்கள். தாள் கொஞ்சம் நீளும். நாங்கள் படித்துக்கொள்கிறோம்.