கேட்பதும் காட்டுவதும்

2020 ஜூலையில் எனக்கு வேலை போயிற்று. யந்திரங்களுக்கான கையேடுகள் எழுதும் வேலை. பதினோரு வருஷங்களுக்கு மேல் செய்திருந்தேன். அக்டோபரில் ஒரு நாள் காலை, தொழில் தொடர்புகளுக்கென்று உள்ள இணையத்தளம் ஒன்றில் பதினான்கு பேர் எனக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அதே வேலையில் நான் பன்னிரண்டு வருஷங்களைப் பூர்த்தி செய்துவிட்டேன் என்பதற்காக. வேலை போன விவரத்தை என் பக்கத்தில் நான் மாற்றியிருக்கவில்லை. தேதி வந்ததும் யந்திரம் அவர்களுக்கு நினைவூட்டியிருக்கிறது; வாழ்த்து வாக்கியத்தையும் அதுவே தயாரித்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் விரலால் தொட்டார்கள், அவ்வளவுதான்.

பதினைந்தாவதாக ஒருவர் தாமே எழுதியிருந்தார். ஆறு வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சியின்போது இரண்டு நாட்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். "உங்கள் இடத்தில் ஆட்குறைப்பு என்று கேள்விப்பட்டேன். நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?" பதினான்கு பேருக்கும் நன்றி சொன்னேன். இவருக்கு மட்டும், புதிய வாய்ப்புகளைப் பரிசீலித்துக்கொண்டிருப்பதாக எழுதினேன். அந்த மாத வாடகையை மைத்துனரிடம் கடன் வாங்கித்தான் கொடுத்திருந்தேன்.

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

இத்தகைய சாதனங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் வட்டத்தில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: மனித உறவைச் சரக்காக்கிவிட்டார்கள். காண்ட்டையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். ஆனால் மனிதனை வெறும் சாதனமாக மட்டும் நடத்தக்கூடாது என்பதுதான் அவர் வாதம்; அந்த 'மட்டும்' என்ற சொல்லை நாம் சௌகரியமாக விட்டுவிடுகிறோம். தபால்காரரும் தையல்காரரும் எனக்குப் பயன்படுகிறவர்கள்தான். அதனால் அவர்களை நான் அவமதித்துவிடவில்லை. பயன் கருதிய உறவு என்பதாலேயே ஓர் உறவு கெட்டுப்போவதில்லை.

பழைய சிபாரிசுக் கடிதத்தை நினைத்து ஏங்குவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. அதில் எழுதியவரின் மானம் பணயமாக இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கடிதம் யாருக்குக் கிடைத்தது? மாமா இருந்தவனுக்கு, ஒரே ஊர், ஒரே ஜாதி என்று சொல்லிக்கொள்ள முடிந்தவனுக்கு. மற்றவன் வாசலில் நின்றான்.

இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களின் முக்கியத்துவத்தை அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பாஸ்டனின் புறநகர் ஒன்றில், புதிதாக வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிமையானது. நெருங்கியவனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். புதிய செய்தி தூரத்திலிருப்பவனிடமிருந்துதான் வர வேண்டும். 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் இந்தத் தூரத்து மனிதர்களையெல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவந்து வைத்தது. அதன் பயனாளிகள் சுமார் இரண்டு கோடிப் பேருக்கு, யாரை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்ற பரிந்துரைகளை ஐந்து வருஷங்கள் மாற்றி மாற்றிக் காட்டி நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஓரளவுக்குப் பலவீனமான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்பது அதன் முடிவு. கோயம்புத்தூர் நண்பர் எனக்கு அப்படிப்பட்டவர்தான்.

ஆக, சாதனம் ஆளைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்திவிட்டது. நான்தான் பேசவில்லை.

வழியில் எதிர்ப்படும் அந்நியன் வழிகாட்டுவது நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. முருகனிடம் வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படையை ஒதுக்கிவிட்டாலும், மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனை வள்ளலிடம் அனுப்புகிறான். வேலை தேடுகிறவனுக்குத் தூரத்து அறிமுகம் செய்வது இதைத்தான். வள்ளலைப் பற்றிய முகஸ்துதி அங்கும் ஏராளம். அதைப் புனிதமாக்கிவிட வேண்டியதில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று வருகிறவன், தான் வாங்கியதை மட்டும் சொல்லவில்லை. தன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டுக் கிடந்ததையும், உப்பில்லாமல் வெந்த கீரையைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து தின்றதையும் சொல்கிறான். அடைத்திருந்த கதவை முன்பின் அறியாத ஒருவனிடம் அவனே திறந்துகாட்டுகிறான். அதன்பின் கேட்கிறவனுக்குத் தன் பசி ஒரு அவமானமாக இருக்க முடியாது.

இன்றைய பக்கங்களில் இல்லாதது இந்த உப்பில்லாத கீரைதான். பெற்றது மட்டும் அங்கே எழுதப்படுகிறது. புதிய பதவி, சான்றிதழ், கௌரவம் - எல்லோரும் எப்போதும் பரிசில் பெற்றுத் திரும்பிக்கொண்டே இருக்கிறார்கள். பசியோடு புறப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. 2020இல் லிங்க்ட்இன், வேலை தேடுகிறவர்கள் தங்கள் புகைப்படத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள ஒரு பச்சை வளையம் கொடுத்தது. அதைப் போட்டுக்கொள்ளாதே, தேவை தெரிந்தால் விலை குறைந்துவிடும் என்று புத்தி சொல்கிறவர்களும் உடனே கிளம்பினார்கள். சந்தையின் தர்க்கப்படி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் தேவையை மறைத்துத் தகுதியைக் காட்டுவது பழகிவிட்டால், கேட்பது என்ற காரியமே நமக்கு மறந்துபோகிறது. கேட்கும்போது எதிரில் இருப்பவன் மறுக்கவும் உரிமையுள்ள மனிதனாக இருக்கிறான். காட்டும்போது அவன் வெறும் பார்வையாளன். காண்ட்டின் 'மட்டும்' உண்மையில் மீறப்படுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2021 ஜனவரியில் கோயம்புத்தூர் நண்பருக்கு உண்மையை எழுதினேன். மூன்று வரிகள். ஒரு மணி நேரத்தில் ஒரு தொலைபேசி எண் வந்தது. பிப்ரவரியில் வேலையில் சேர்ந்தேன். கட்டுரையை இங்கேயே முடித்துக்கொண்டால் எனக்கு மரியாதையாக இருக்கும்.

2023இல், ஒரே ஒரு கூட்டத்தில் நான் பார்த்திருந்த இளைஞர் ஒருவர் எனக்கு எழுதினார். "வேலை போய்விட்டது சார். இரண்டு மாத வாடகை பாக்கி. எங்காவது சொல்ல முடியுமா?" படித்ததும் எனக்கு ஏற்பட்டது இரக்கம் அல்ல, அருவருப்பு. இப்படியா எழுதுவது, கொஞ்சம் நாசூக்கு வேண்டாமா என்று நினைத்தேன். நான்கு நாட்கள் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். புதிய வாய்ப்புகளைப் பரிசீலித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார்.

என்னுடைய வாக்கியம். என்னைப் போன்ற நாலைந்து பேரின் மௌனம் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த இரண்டு எண்களை அனுப்பினேன். தாமதத்துக்கு வேலைப்பளு என்று காரணம் சொன்னேன். மைத்துனரிடம் வாங்கிய வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது முதலில் அதைத்தான்.