வேற்றார் என்னும் எண்ணம்

ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தில் ஆடி விழாக் காலத்தில், கந்தன் என்று தமிழரும் கதரகம தெய்யோ என்று சிங்களவரும் ஒரே சந்நிதியில் கைகூப்புகின்றனர். அவ்வளாகத்தில் பள்ளிவாசலும் உண்டு. அதே ஊவாவில், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25 அன்று அயற்கிராமத்தவர் திரண்டு வந்து தமிழ் இளைஞரும் சிறுவருமாக 27 பேரைக் கொன்றனர். முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் முன்னரே ஒட்டப்பட்டிருந்தன. மரண தண்டனை விதிக்கப்பட்டோரும் 2005க்குள் விடுவிக்கப்பட்டனர். கூப்பும் கையும் தடியெடுக்கும் கையும் ஒரே மனத்தின் ஏவலா?

மூளையினுள் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. அச்சத்தோடும், எதைக் கவனிக்க வேண்டும் என்ற உணர்வோடும் அது தொடர்புடையது. பழைமைவாத அரசியல் கருத்துடையோருக்கு அது சற்றுப் பெரிது என, 90 மாணவரை ஆராய்ந்து 2011இல் லண்டன் விஞ்ஞானிகள் கூறினர். 2024இல் நெதர்லாந்தில் 900க்கு மேற்பட்டோரிடம் மீண்டும் பார்த்தபோது அவ்வேறுபாடு மிகச் சிறிதாயிற்று. பருப்பின் பருமனைக் கொண்டு ஒருவருடைய கட்சியைச் சொல்லிவிட இயலாது.

வியப்புக்குரியது 2008இல் வெளியான வேறோர் ஆய்வு. வெள்ளையர், கறுப்பர் முகங்களைக் கலந்து இரு குழுக்களாக்கி, "இது உமது குழு" என்றனர். சிறிது நேரத்திலேயே பார்த்தவரின் அமிக்டலா நிறத்தை விட்டு, தன் குழு முகங்களுக்கே மிகுதியாக இயங்கியது. பிரிப்பது மூளையின் இயல்பாயினும், யாரைப் பிரிப்பது என்பதை வெளியிலிருந்து எவரோ சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கின்றது.

நம் மக்களுக்கு அதைச் சொன்னது சட்டமே. 1947 தேர்தலில் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்தோரில் பெரும்பாலானோரை அந்நியராக்கியது. தேயிலைக் கொழுந்து பறித்த கை மாறவில்லை, பெயர்தான் மாறியது.

அப்படியாயின் மூளையின் மேல் பழியைப் போட்டுத் தப்பலாமா? 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த நாட்களில் தமிழரைத் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். அவர்களும் அதே பேச்சைக் கேட்டவர்களே, அதே மூளை உடையவர்களே.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தோட்டத்துத் திருவிழாவில் முதல் உபயம் எந்தத் தொழிற்சங்கத்தாருக்கு, காளாஞ்சி முதலில் மேல்கணக்குக்கா கீழ்க்கணக்குக்கா, எந்தச் சாதியார் தேர்வடம் தொடுவது என்று எழும் சச்சரவில் வேற்றினத்தார் ஒருவருமில்லை. அம்மன் தேரேறிக் காத்திருக்க, வாசலில் வாக்குவாதம் நடக்கின்றது.