கடைமடை வீடு

காவேரிப்பட்டினத்தில் காவேரி ஓடவில்லை. ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் வாங்கிக்கொண்டு, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி வருகிற ஆறு அது. பெயரில் மட்டும் இருந்த காவேரி, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகுதான் குழாய் வழியாக இந்தப் பக்கம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்துப் போட்ட திட்டம்.

இவ்வளவு செலவுக்குக் காரணம் வெறும் பஞ்சம் இல்லை. இங்கே பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர்வெல்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் எனாமல் உருவாகும் வயதிலேயே கறை விழுந்துவிடும். பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அது போகாது. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

ஆக, மலையும் காடும் தாண்டி நல்ல தண்ணீர் மேல்நிலைத் தொட்டி வரை வந்துவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக் குழாய் வரைக்குமான அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நம் ஊர்களில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. முறை வைத்துத்தான் விடுகிறார்கள். வால்வைத் திறந்ததும் தொட்டிக்குப் பக்கத்து வீடுகளில் வேகமாகக் கொட்டும். மேட்டுத் தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் போய்ச் சேரும்போது நூலாக இளைத்துவிடும். அதனால் சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி அது தப்பு. பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள், மோட்டாரை எடுத்துக்கொண்டு போவார்கள். கேட்டால் வருகிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "எல்லாரும் வச்சிருக்காங்க. நாங்க மட்டும் சும்மா இருந்தா எங்க வீட்டுக்கு ஒரு சொட்டு வருமா?"

இதை வெறும் சாக்கு என்று என்னால் தள்ள முடியவில்லை. ஒரு தெருவில் பத்து மோட்டார் ஓடும்போது ஒருவர் மட்டும் நிறுத்தினால், அவர் விட்ட தண்ணீர் கடைசி வீட்டுக்குப் போகாது. அடுத்த மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். தியாகம் செய்தவருக்கு நஷ்டம், கடைசி வீட்டுக்காரருக்கு லாபம் இல்லை. யாருக்கும் பயன்படாத நேர்மை ஒரு கடமையா?

1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் பொதுச் சொத்தின் அவலம் பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு நியாயமானதைச் செய்யச் செய்ய எல்லோருக்கும் கேடு வரும், தப்பிக்க வழியில்லை என்ற தொனி அதில் உண்டு. எலினோர் ஆஸ்ட்ரம் அதற்குப் பதில் தேடியவர். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சிக் கடல் நீர் உள்ளே புகுந்தபோது, அங்கிருந்தவர்கள் கூடிப் பேசி எடுக்கும் அளவைக் குறைத்துக்கொண்டதை ஆராய்ந்துதான் அவர் முனைவர் பட்டம் பெற்றார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

நமக்கு இது புதுசும் இல்லை. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பது அவர் கையில். தலைமடைக்காரன் வசதியானவன் என்பதற்காக அவனே மடையைத் திறந்துகொள்ள முடியாது. கடைமடைக்குத் தண்ணி போச்சா என்பதுதான் அந்த ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்பதற்கான சோதனை. அந்த முறையிலும் சாதியும் நிலவுடைமையும் இருந்தன. அதைப் பொற்காலம் ஆக்க வேண்டாம். ஆனால் கடைமடை என்ற சொல்லையாவது தெருக்குழாய்க்குக் கொண்டுவரலாம்.

ஏனென்றால் மோட்டார் பற்றிப் பேசும்போது நாம் பேரூராட்சிக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் வழக்காக மட்டும் அதைப் பார்க்கிறோம். இழப்பு கடைமடை வீட்டுக்கு. குழாயில் வராவிட்டால் அந்த வீட்டுப் பெண் குடத்தோடு பழைய கைபம்புக்குப் போவார். எந்தத் தண்ணீரிலிருந்து தப்பிக்க இத்தனை கோடி செலவானதோ, அதே தண்ணீர். முன் வீட்டில் ஓடிய அரை குதிரைத்திறன் மோட்டார், சில வருஷம் கழித்துப் பின் தெருப் பிள்ளையின் பல்லில் தெரியக்கூடும். உறிஞ்சுகிறவருக்கும் ஆபத்து உண்டு. காலியான குழாயை மோட்டார் இழுக்கும்போது, விரிசல் வழியே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும்.

இன்னொன்று, எல்லா அபகரிப்பும் சத்தம் போடாது. தொட்டிக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே ஆழமாக சம்ப் கட்டினால் மோட்டாரே தேவையில்லை. பள்ளத்தைத் தேடித் தண்ணீர் தானாக வந்து நிரம்பும். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. வசதியானவர் இன்னும் சுலபமாகத் தப்பிக்கலாம்: குடிக்க இருபது லிட்டர் கேன், இல்லையென்றால் ஆர்.ஓ. மெஷின். அதோடு குழாயில் என்ன வருகிறது என்று கேட்பதையும் நிறுத்திவிடுவார். கேட்டால் அதிகாரி காதில் விழக்கூடிய குரல் அவருடையதுதான். அது போய்விடுவது மோட்டாரைவிடப் பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் கடமை என்ன? தனியாக மோட்டாரைக் கழற்றுவது நல்லதுதான், ஆனால் அதோடு முடியாது. எல்லா மோட்டாரும் ஒரே நாளில் கழலும்படி கேட்பதுதான் கடமை. தெருவுக்கொரு வால்வு, வீட்டுக்கொரு மீட்டர், மேட்டுத் தெருவுக்குத் தனி முறை, அந்த முறையை எழுதி ஒட்டிய பலகை. இதையெல்லாம் தலைமடைக்காரர் கேட்க வேண்டும், கடைமடைக்காரருக்காக. ஒடிசாவின் பூரி நகரில் 2021இல் இருபத்துநாலு மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயில் மோட்டாருக்கு வேலையே இல்லை. மனிதர்கள் திருந்திய பிறகுதான் குழாய் திருந்தும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் ஒவ்வொரு தெருவிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம்ம வீட்டுக்குத் தண்ணி வந்துச்சா என்பதல்ல, கடைசி வீட்டுக்கு வந்துச்சா என்பது.