கொடாததைக் கொள்ளலாமா?

நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர், கடனில் வாங்கிய ஆட்டோவை ஓட்டிப் பிழைத்து வந்தார். மூன்று தவணைகள் தவறின. ஒரு நாள் விடியற்காலையில் நிதி நிறுவனத்தார் வந்து வண்டியை எடுத்துச் சென்றனர். அதனுள் அவர் மகளின் புத்தகப் பையும் இருந்தது. அதைக் கேட்கவும் அஞ்சிய அவர், "கடன்பட்டவனுக்கு உரிமை ஏது டீச்சர்?" என்று நம்மிடம் வினவினார்.

கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் அறநூல்கள் கூறும் இலக்கணம். தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ள அவர் ஒப்பிக் கையெழுத்திட்டிருந்தார். ஆதலின் முறைப்படி எடுத்தல் களவாகாது. ஆயின் அவர் ஒப்பியது வண்டிக்கு மட்டுமே, புத்தகப் பைக்கு அன்று, மிரட்டலுக்கும் அன்று.

சட்டமும் இவ்வழியே நிற்கிறது. அடியாட்களைக் கொண்டு வண்டியைப் பறித்தலை உச்ச நீதிமன்றம் 2007-இல் கண்டித்தது. ரிசர்வ் வங்கி 2008-இல் வங்கிகளுக்கும், 2009-இல் நிதி நிறுவனங்களுக்கும் நெறி வகுத்தது. வண்டியை எடுக்குமுன் தரவேண்டிய அறிவிப்புக் காலம், அறிவிப்பு தேவைப்படாத சூழல்கள், விற்குமுன் கடனைச் செலுத்த இறுதி வாய்ப்பு, வண்டியைத் திரும்ப ஒப்படைக்கும் முறை, ஏல முறை ஆகியவை ஒப்பந்தத்திலேயே இடம்பெறல் வேண்டும்.

விற்ற பின்னும் கணக்கு உண்டு. அடகுப் பொருளை விற்ற தொகை கடனுக்கு மிகுந்தால் மிச்சம் உரியவருக்கே சேரும். குறைந்தால் குறையைக் கடன்பட்டவர் தருதல் வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். வண்டிக் கடனுக்கும் அறம் இதுவே. நிலுவையும் செலவும் சேர்ந்து 85,000 ரூபாய். வண்டி விற்றது 95,000 ரூபாய் எனில், எஞ்சிய 10,000 ரூபாய் யாருடையது? அதை மறைப்பவர், குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்பவரை ஒப்பர். அவ்வாறே, தவணையைத் தவிர்க்க வண்டியை ஒளித்து வைப்பவரும் கள்ளாமை நோன்பினின்று வழுவியவரே. நம்முள் கடன் கொடுப்போரும் உளர், பெறுவோரும் உளர். இருவர்க்கும் அளவுகோல் ஒன்றே.

நாம் கூறியவாறு மாணவர் பையையும் கணக்கையும் எழுத்து மூலம் கேட்டார். நிறுவனம் 30 நாட்களுக்குள் தக்க விடை தராவிடில், வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்குத் தேவை நேரவில்லை. பை திரும்பி வந்தது, கணக்கும் வந்தது. வண்டி மீளவில்லை. ஏலத்தொகை போகக் குறைந்த பணத்தை அவர் இன்றும் சிறிது சிறிதாகச் செலுத்தி வருகிறார். ஆயினும், எதற்காக, எவ்வளவு செலுத்துகிறோம் என்பதை அறிந்து, தலைநிமிர்ந்து செலுத்துகிறார்.

கடன்பட்டவன் இழப்பது பொருளையே, தன் மதிப்பையன்று. அதைப் பறிக்க எவரும் அவனிடம் கையெழுத்துப் பெறவில்லை.