குடிபெயரும் அம்மன், குடிபெயராத இடுகாடு

கோயிலை இடம் மாற்றலாமா என்று கேட்டால் ஆகமத்தில் வழி சொல்லியிருக்கிறது. அந்த இடத்திலேயே புதைந்து கிடப்பவர்களை என்ன செய்வது என்று கேட்டால் நான் பார்த்த குருக்கள்மார் எவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் செயலாளராக இருக்கும் எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது கேள்விதான்.

தோட்டம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங் மாவட்டத்தில்; கோல கெட்டிலிலிருந்து உள்ளே போக வேண்டும். என் பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, அதே மாதிரிப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய், தாமான் வீடுகளில் தங்கிவிட்டார்கள். மிஞ்சியது கோயில். அதைவிட்டால் ஆற்றோரத்து இடுகாடு. இப்போது நிலம் கைமாறியிருக்கிறது. கோயிலுக்கு டவுன் பக்கம் மாற்று நிலம் தருவதாகப் பேச்சு. இடுகாட்டைப் பற்றி நிலத்தின் புது உரிமையாளர்கள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அம்மனைக் கிளப்புவது சிரமமே இல்லை. மூர்த்தியிலிருக்கும் சாந்நித்தியத்தைக் கும்பத்து நீருக்கு இழுத்து, பாலாலயத்தில் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, புதுக்கோயில் எழும்பியதும் யாகசாலை போட்டுக் குடமுழுக்கு நடத்திவிடலாம். ஆகமம் தெரியாத எங்கள் முன்னோருக்கும் இதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஊரில் குலசாமி கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்து எடுத்துப்போய், குடியேறிய இடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். பிடிமண் எடுத்த இடத்திலும் சாமி குறையவில்லை, வைத்த இடத்திலும் குறையவில்லை.

1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் கைக்கு மாறியது. அதன் பிறகு இந்தப் பக்கம் ரப்பர்க்காடுகள் பெருகின; கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் அம்மனும் அப்படிக் கப்பலேறியவள்தான் என்று என் அப்பாயி சொல்வார். ஒரு தடவை கடலைத் தாண்டியவளுக்கு இன்னொரு தடவை கோல கெட்டில் ரோட்டைத் தாண்டுவது பெரிய காரியமா என்று எங்கள் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. தெய்வம் மண்ணுக்குக் கட்டுப்பட்டதல்ல; கும்பிடுகிறவர்களோடு வரும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அப்பாயி வரமாட்டார். அவர் அங்கேதான் இருக்கிறார், சிமென்ட்கூட இல்லாத ஒரு மேட்டின் கீழ்.

இத்தனைக்கும் பாலிங் சரித்திரத்தில் இல்லாத ஊர் அல்ல. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் ஒரு பக்கம், காட்டிலிருந்து இறங்கிவந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் குழுவினர் மறுபக்கம் என்று இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில்தான் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முறிந்தது. 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, பசி தாங்காத கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில்தான் திரண்டார்கள். இரண்டும் பாடப்புத்தகத்துக்கு உரிய செய்திகள். மேடைப் பேச்சாளர்கள் இன்னும் மேலே போய் 1025க்கு, ராஜேந்திர சோழனின் கடாரத்துக்குப் போவார்கள். வென்றுவிட்டுத் திரும்பிப் போனவனுக்காக நாங்கள் கைதட்டுகிறோம். திரும்பிப் போக முடியாமல் இங்கேயே மண்ணானவர்களின் பெயர் ஒரு பட்டியலில்கூட இல்லை. அவர்கள் பெயர் இருந்த ஒரே புத்தகம் கிராணியின் செக்ரோல். அது கூலி போடுவதற்கு எழுதியது. ஆள் செத்ததும் பெயர் அடிபட்டுவிடும்.

துரைமார் விட்டு வந்த நாட்டில் கதை வேறு. இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் குரோம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. குக்கிராமத்து ஏர்க்காரனும் இன்று அந்த ஏட்டில் தன் பாட்டன் பூட்டனைத் தேடிப் பார்க்கலாம். ஏட்டைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தக் கிராமங்களின் அமைப்பு. கோயிலும் கல்லறையும் ஒரே மதிலுக்குள். கும்பிடப் போகிறவன் செத்தவர்களைக் கடந்துதான் கடவுளிடம் போக வேண்டும். தேவாலயத்துக்கு ஆள் வருவது குறைந்தாலும் கல்லறைகள் ஊரை நினைவில் வைத்திருக்கின்றன.

நம் அமைப்பு நேர் எதிர். சாவு தீட்டு, தீட்டுள்ளவன் கோயில் படி ஏறக் கூடாது. தோட்டத்தில் கோயில் லயத்துக்கு முன்னால், இடுகாடு கண்ணில் படாத தூரத்தில். அதனால்தான் தோட்டம் கலைகிறபோது கோயிலுக்காக வரிந்துகட்டுகிற நாம் இடுகாட்டை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிடுகிறோம். நம் பக்தியிலேயே அந்த ஓட்டை இருக்கிறது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுப் படையல் போட்ட இனம் இது. எங்கள் கோயிலில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் மதுரைவீரன் யார்? அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த மனிதன்தானே. அநியாயமாகச் செத்தவனைத் தீட்டென்று ஒதுக்காமல் சாமியாக்கிச் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டார்கள். செத்தவர்களுக்கும் தெய்வத்துக்கும் இடையில் அவன் ஒரு வாசல். இப்போது குடமுழுக்குக்குக் குடமுழுக்கு கோபுரம் உயர்கிறது; வீரனைச் சைவமாக்கி மூலையில் கம்பிக்கதவுக்குள் வைத்திருக்கிறோம். புதுக்கோயில் வரைபடத்தில் அவனுக்கு இடமே இல்லை. நாகரிகம் என்று நாம் நினைத்துச் செய்வதில் அந்த வாசலும் அடைபடுகிறது.

1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துப் போனார்கள். அங்கே செத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2023இல்தான் அந்த ஊரில் அவர்களுக்காகத் தமிழர்கள் ஒரு நடுகல் எழுப்பினார்கள். எண்பது வருஷம் கழித்து நமக்குக் கைகொடுத்தது கோபுரமல்ல, அந்தப் பழைய கல்தான்.

நம் புதுக்கோயிலிலும் செத்தவர்களின் பெயர் வெட்டிய ஒரு கல் வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது, "டீச்சர், சைவக் கோயிலில் செத்தவங்க பேரா?" என்றார் பொருளாளர். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் ஆலயத்தை மட்டும் அரனென்று தொழச் சொல்லவில்லை. அடியார் வேடத்தையும் அதோடு சேர்த்தே சொல்கிறார். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, நிரை முடித்து, பால் தூக்கி, அந்தக் கூலியில் வெள்ளிக்கிழமைக்கு விளக்கெண்ணெய் வாங்கியவர்கள் அடியார் இல்லையென்றால் வேறு யார்? திருவள்ளுவரும் இல்லறத்தானின் கடமைகளில் தென்புலத்தாரை முதலில் வைத்து, தெய்வத்தை அடுத்தபடியாகத்தான் வைக்கிறார். அந்த வரிசையைத் தலைகீழாக்கியது நாம்தான்.

ஆகவே நான் மூன்று தீர்மானங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன், எண்பது வயதைத் தாண்டியவர்களை உட்காரவைத்து, இடுகாட்டில் யார் யார் என்று கேட்டுப் பெயர்களை எழுதுவது. அம்மனுக்குப் பிடிமண் எடுக்கிற அன்றே இடுகாட்டிலிருந்தும் ஒரு பிடி எடுப்பது. புது இடத்தில் வீரனுக்குத் தனிப் பீடம் கட்டி, அந்த மண்மேல் பெயர்கள் வெட்டிய கல்லை நடுவது. இரண்டுபேர் ஆதரித்திருக்கிறார்கள். தீட்டு என்று நாலுபேர் எதிர்க்கிறார்கள். மாற்று நிலத்தின் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் செயலாளரும் வேண்டும். தீர்மானங்கள் நிறைவேறாமல் என் கையெழுத்து விழாது என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன்.